பவர் வேணுமா, கால் வேணுமா?

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்போ, கண்டிப் பக்கம் ஒருபுறம் மண்சரிவு, மறுபுறம் ரோட்டுக்குக் குறுக்கே மரங்கள். எங்க தோட்டத்து ரோட்டுல விழுந்த அல்பீசியாவை அறுத்து வழி திறந்தது எங்க மாமா. அன்றிலிருந்து எங்க பொடியன்களுக்கு ஒரே ஆசை: ஒரு செயின் சோ வாங்கணும். அதுவும் "நல்ல பவரான" ஒன்னு.

அந்த "நல்ல பவர்" பற்றித்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

கணக்கைப் பாருங்க. ஸ்டில் எம்எஸ் 382 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட். எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட். பெரியது வேகமா அறுக்கும், உண்மைதான். ஆனா அது பெரிய மரத்தை நாள் முழுக்க அறுக்கிறவருக்கான மெஷின். பார், செயின், எண்ணெய் எல்லாம் சேர்ந்த பாரத்தோட சரிவான தேயிலை மலையில நிற்கும்போது, முதல்ல களைக்கிறது எஞ்சின் இல்ல, உங்க கை. விழுந்த கிளையும் விறகும் அறுக்க 45, 50 சிசி தாராளம். மலிவான மெஷின்ல ஒட்டியிருக்கிற "58 சிசி" ஸ்டிக்கரை மட்டும் நம்பிடாதீங்க. உதிரிப்பாகம் கண்டியிலேயே கிடைக்குமா என்று கேட்டுட்டு வாங்குங்க.

செக்கன்ட்ஹேண்ட் என்றால் பில்லையும் பதிவையும் கேளுங்க. 2019இல் செயின் சோக்களைப் பொலிஸில் பதியச் சொல்லி அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். மெஷின் இருக்கு என்பதற்காக பலாமரத்தில கை வைக்கவும் முடியாது. அதுக்குத் தனியா அனுமதி வேணும்.

அடுத்தது டியூனிங். காபரேட்டர்ல மூணு ஸ்க்ரூ: எல் மெதுவான ஓட்டத்துக்கு, எச் முழு வேகத்துக்கு, மூணாவது ஐடிலுக்கு. எச் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினா பெற்றோல் குறையும், சத்தம் கூர்மையாகும், வேகம் கூடும். "ஆஹா, பவர் வந்துட்டு" என்று தோணும். அங்கேதான் ஆபத்து. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் போறதே பெற்றோலோட கலந்துதான். பெற்றோல் குறைஞ்சா ஒயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோட இறுகிடும்.

மலைநாட்டில இன்னொரு சிக்கலும் இருக்கு. கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,800க்கும் மேல். மேலே காற்று மெலிசு என்பதால மெஷின் புகை தள்ளி இழுபடும். மாமா அங்கே வேலைக்குப் போனப்போ எச் ஸ்க்ரூவை இறுக்கி வச்சார். திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கு வைக்க மறந்துட்டார். ரெண்டாம் நாளே பிஸ்டன் போச்சு. ஒரு மாசச் சம்பாத்தியமும் அதோட போச்சு.

அவர் இப்ப சொல்றது இதுதான்: "தம்பி, வெறுமனே முழு வேகத்தில விட்டா லேசா கரகரக்கணும். மரத்தில வச்சதும் அந்தக் கரகரப்பு நிக்கணும். ஐடில்ல செயின் சுத்தவே கூடாது." கலவையை மெஷினோட புத்தகத்தில உள்ளபடியே போடுங்க. 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில்.

எல்லாத்துக்கும் முதல்ல, அரம் வாங்குங்க. கூரான செயின் செதில் தள்ளும்; மழுங்கினது மாவு தள்ளும். "பவர் பத்தல" என்கிற பல மெஷின்களுக்கு உண்மையான வருத்தம் மழுங்கின செயின்தான்.

மாமாவோட இடது முழங்காலுக்கு மேல ஒரு நீளத் தழும்பு இருக்கு. பாரோட நுனி மேல்பக்கம் கிளையில பட்டு மெஷின் எகிறின நாளில வந்தது. அன்று அவர் கட்டியிருந்தது சாரம், காலில செருப்பு. செயின் பட்டா நார் இழுபட்டு மெஷினையே நிறுத்துற பாதுகாப்புக் காற்சட்டைகள் உலகத்தில இருக்கு. அவர் அதைக் கண்ணால கூடக் கண்டதில்ல.

அதனால என் கருத்து: ஒரு படி சின்ன மெஷின் வாங்குங்க. மிச்சக் காசில அந்தக் காற்சட்டை, ஹெல்மெட், காதுக்கவசம், சப்பாத்து. செயின் பிரேக் வேலை செய்யுதா என்று தினமும் பாருங்க. நீங்க அறுக்காம ஆள் பிடிச்சாலும் இதே நியாயம்தான். "எவ்வளவு கேக்குறீங்க?" என்பதோட நிறுத்தாம, "அண்ணே, காலுக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றும் கேளுங்க. இல்லையென்றால் அந்தச் செலவையும் கூலியோட சேர்த்துக் கொடுங்க. போன பிஸ்டனை மாமா மாத்திட்டார். காலுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலயும் இல்ல.