நீந்தத் தெரியும், கரையேறத் தெரியுமா?



ஆரியங்காவு கணவாய்க் காற்று இறங்கிவிட்டது. தென்காசியில் யாரைப் பார்த்தாலும், "குற்றாலத்துல சீசன் எப்படி? அருவியில தண்ணி நல்லா விழுதா?" என்பதுதான் முதல் பேச்சு. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் வரிசை கட்டுகின்றன. கொஞ்ச வருடங்களாக அந்தக் கார்களின் ஜன்னலில் நாய்களும் தலையை நீட்டிக்கொண்டு வருகின்றன. நான்கு நாள் வெளியூர் போகும்போது அதை மட்டும் யாரிடம் விட்டுவிட்டு வருவது? வீட்டில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டதே!

பெரும்பாலான லாட்ஜுகளில் நாயை உள்ளே விட மாட்டார்கள். அதனால் பண்ணை வீடு பார்க்கிறோம். இலஞ்சி, மேலகரம், ஆயிரப்பேரி, வல்லம் என்று குற்றாலத்தைச் சுற்றித் தோப்புக்கு நடுவே வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பல வீடுகளில் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் கூடினாலே அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். போடத்தான் வேண்டும். அப்படித் தடை விழுந்த நாளில், பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அந்தப் பின்கட்டுக் குளம்தான் கை கொடுக்கிறது.

அந்தக் குளத்தையும் உங்கள் நாயையும் பற்றித்தான் இந்த மாதம் பேச நினைக்கிறேன். "மனுஷனுக்கே பாதுகாப்பு இல்லை, இதில் நாய்க்கு ஒரு பக்கமா?" என்று சிலர் கேட்கலாம். நாய்க்காகச் செய்யும் ஏற்பாடு, தவழ்ந்து போகும் உங்கள் பேரனுக்கும் சேர்த்துத்தான். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே வருகிற பதில் ஒன்று உண்டு. "நாய்க்கு நீச்சல் யாரு சொல்லிக் கொடுக்கணும்? அது பிறவியிலேயே நீந்தும்லா!"

பாதி உண்மை. பெரும்பாலான நாய்கள் தண்ணீரில் விழுந்ததும் தானாகவே காலை அடித்து மிதக்கும். ஆற்றிலும் குளத்திலும் அதுவே போதும். கரை சரிந்து வந்து காலில் தட்டும், நாய் ஏறி நின்று உடம்பை உதறிக்கொள்ளும். நாம் கட்டுகிற நீச்சல் குளத்துக்குக் கரை ஏது? நான்கு பக்கமும் செங்குத்தான சுவர், அதில் வழுவழு டைல்ஸ். தண்ணீர் விளிம்பிலிருந்து அரை அடி கீழே நிற்கும். முன்னங்காலை விளிம்பில் போட்டாலும், பின்னங்காலை உந்த ஒரு பிடிப்பு கிடையாது. நகம் டைல்ஸில் வழுக்கும். மறுபடி தண்ணீர். மறுபடி முயற்சி.

படி இருக்கிறதே என்பீர்கள். படி எதிர்மூலையில் இருக்கும். பதறிப்போன நாய் பெரும்பாலும் சுற்றிப் பார்ப்பதில்லை. விழுந்த இடத்திலேயே ஏறப் பார்க்கும், அல்லது தன் ஆள் எந்தப் பக்கம் தெரிகிறாரோ அந்தச் சுவரையே பிறாண்டும். குளத்தில் இருப்பது வெறும் ஸ்டீல் ஏணி என்றால், மனிதனுக்கு அது வழி. நாய்க்கு அதுவும் ஒரு சுவர்தான்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. குரைக்குமே, கேட்டு ஓடிவரலாம் என்று நினைக்கிறோம். மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளவே முழு பலமும் போய்க்கொண்டிருக்கும்போது அது எங்கே குரைக்கும்? அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிற நேரத்துக்குள், சத்தமே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடலாம்.

இது நமக்குப் புதிய சங்கதி என்று சொல்ல முடியாது. கிணற்றில் விழுந்த நாயைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள் என்ற செய்தியைப் படிக்காத ஊர்க்காரர் உண்டா? 2020 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு யானையே விவசாயக் கிணற்றில் விழுந்துவிட்டது. பல மணி நேரம் போராடி, மயக்க ஊசி போட்டு, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். யானையைப் போல நீந்துகிற மிருகம் குறைவு. கிணற்றுச் சுவர் முன்னால் நீச்சல் என்ன செய்யும்?

நம் பழைய பாசனக் கிணறுகளில் உள்சுவரிலேயே கல்படி விட்டுக் கட்டியிருப்பார்கள். இறங்குகிறவன் ஏற வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கொத்தனாருக்கு இருந்தது. இப்போது வயலில் வெட்டுகிற பண்ணைக்குட்டைகளைப் பாருங்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் இருக்கக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் பாசி பிடித்த அந்தச் சரிவில் நாயோ ஆட்டுக்குட்டியோ கால் வைத்தால், நேராக உள்ளேதான். நீச்சல் குளத்தைவிட மோசம் என்பேன், ஏனென்றால் அங்கே பார்க்கவும் ஆள் இருக்காது. பழைய டயரை நைலான் கயிற்றில் கட்டிச் சரிவில் தொங்கவிடலாம், முடிச்சுப் போட்ட வலையைக் கரையிலிருந்து தண்ணீருக்குள் வரை விரித்துக் கட்டலாம். கால் ஊன்ற ஒரு பிடி கிடைத்தால் போதும், அது ஏறிவிடும். குட்டை வைத்திருக்கும் வாசகர்கள் இந்த வாரமே செய்துவிடலாம். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை.

சரி, எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்?

நம் பக்கத்துப் பெருமையிலிருந்தே தொடங்குவோம். ராஜபாளையம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த நம் ஊர் நாய் அது. அதன் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவதும் உண்டு. காது கேளாத நாயைக் கரையில் நின்று எத்தனை முறை கூப்பிட்டு என்ன? சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. உடம்பில் கொழுப்பே இல்லாத ஒல்லி வாகு. மிதக்கச் சிரமப்படும், சீக்கிரம் குளிரில் விறைக்கும். குற்றாலத்துச் சாரலில் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பக் வேறு ரகம். சப்பை மூக்கு, கனமான தலை, குட்டைக் கால். மூக்கை மேலே தூக்கினால் பின்பக்கம் அமிழ்ந்துவிடும். பக், புல்டாக் போன்றவற்றுக்கு நீச்சலே வராது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். லாப்ரடார் நன்றாக நீந்தும். அதனாலேயே நாம் அசந்துவிடுகிறோம். பந்தைத் தூக்கிப் போட்டால் களைத்து விழும்வரை குதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வாய் நிறையத் தண்ணீரையும் விழுங்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து, தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு வரை போகும். கொஞ்சம் விளையாட விட்டு, வெளியே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கண்ணில் புரை விழுந்த கிழட்டு நாய்க்கோ, அந்தி நேரத்தில் தரையும் தண்ணீரும் ஒன்றுதான்.

குற்றாலத்துக்கு என்று தனியாக ஒரு ஆபத்து உண்டு. குரங்கு! காம்பவுண்டுச் சுவரில் அது ஓட, கீழே நாய் அண்ணாந்து பார்த்தபடியே துரத்தும். அந்தக் கண்ணுக்குக் குளம் எங்கே தெரியப்போகிறது? சுவரை ஒட்டிக் குளம் கட்டியிருக்கும் வீடுகளில் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகக் கவலை சீசன் இல்லாத மாதங்களைப் பற்றித்தான். சொந்தக்காரர் சென்னையில் இருப்பார். பராமரிப்பு மிச்சம் என்று குளத்தைப் பாதி இறைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்றடி வெறும் சுவர். முழுக்க நிரம்பிய குளத்தைவிட இது கொடியது. விளிம்பு எட்டவே எட்டாது. சித்திரை வெயிலில் நா வறண்டு தண்ணீர் தேடி வருகிற தெருநாய் அதில்தான் எட்டிப் பார்க்கும். இலை விழாமல் இருக்கத் தார்ப்பாயை மேலே விரித்து நான்கு கல்லை வைத்துவிட்டுப் போவது அதைவிட வம்பு. தரை என்று நினைத்து நாய் கால் வைக்கும், பாய் உள்வாங்கும், மேலே மூடிக்கொள்ளும். மூடுவதானால் ஆள் ஏறினாலும் தாங்கும்படி இழுத்துக் கட்டிய வலை போடுங்கள். முடியாதா? மூடாமல் விட்டுக் கதவைப் பூட்டுங்கள். கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால், தெருநாய் உள்ளே வருவதற்கான காரணமே பாதி குறைந்துவிடும்.

வேலி போடுவதைப் பற்றிச் சொன்னால், "வியூ கெட்டுப்போகும்" என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். பிரான்சில் 2003-ல் சட்டம் போட்டு, வேலி, மூடி, அலாரம் என்று ஏதாவது ஒன்று தனியார் குளங்களில் இருந்தாக வேண்டும் என்றார்கள். எல்லாம் குழந்தைகளுக்காக வந்தவை, நாய்களும் பிழைத்துக்கொண்டன. டைல்ஸுக்கும் லைட்டுக்கும் அவ்வளவு செலவு செய்கிற நாம் இரும்புக் கம்பி வேலி என்று வந்ததும் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாய்க்குக் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், அதைக் குளத்தின் படிக்குக் கூட்டிப்போய் வெளியேறும் வழியைப் பழக்குங்கள். நீங்களும் தண்ணீரில் இறங்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, படிவரை நீந்த விட்டு ஏற்றுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து, அப்புறம் ஆழமான மூலையிலிருந்து. ஒவ்வொரு முறை ஏறியதும் ஒரு பிஸ்கட். படி பக்கம் ஒரு பூந்தொட்டியோ பளிச்சென்ற கொடியோ வைத்தால் தண்ணீரிலிருந்து பார்க்கும்போது அடையாளம் தெரியும். தூக்கித் தண்ணீரில் எறிந்து 'கற்றுக்கொடுக்கிற' சூரத்தனம் மட்டும் வேண்டாம். அது பயத்தைத்தான் பழக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்துவிட்டால்? படியின் பக்கம் ஓடுங்கள், அங்கே நின்று கூப்பிடுங்கள். நீங்கள் நிற்கிற பக்கம்தான் அது வரும். மூச்சுப் பேச்சில்லாமல் தூக்கினால், பக்கவாட்டில் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி வாயில் உள்ள தண்ணீரை வடியவிடுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றாதீர்கள். மூச்சு இல்லை என்றால் அதன் வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக ஊதுங்கள். நெஞ்சுத் துடிப்பும் இல்லை என்றால் 30 முறை மார்பை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம்.

எழுந்து வாலை ஆட்டிவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். நுரையீரலில் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். அன்றே டாக்டரிடம் காட்டி, ஓரிரு நாள் மூச்சைக் கவனியுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்காசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்பதால், தங்கும் இடத்துக்குப் பக்கத்து டாக்டரின் எண்ணை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளமோ குட்டையோ, தேங்கிய தண்ணீர் என்றதும் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வர வேண்டும். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். தடுப்பூசி அட்டையில் அது இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துடைத்துவிடுங்கள்; குளோரின் தோலில் நிற்கக் கூடாது.

புக்கிங்குக்குப் போன் செய்யும்போது ஏசி இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா, பார்டர் பரோட்டா வாங்கிவந்து தருவார்களா என்றெல்லாம் கேட்கிறோம். கூடவே, "குளத்துக்கு வேலி இருக்கா? படி இருக்கா, வெறும் ஏணியா? ராத்திரி லைட் எரியுமா?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் வேலி வந்துவிடும். வியாபாரம் அப்படித்தான். அந்த வீட்டு வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் வளர்க்கிற நாய் அந்தக் குளத்தங்கரையில்தானே சுற்றப்போகிறது?

அன்புடன்,
ஆசிரியர்