தேயிலை மண்ணில் உணவுக்கும் இடம் வேண்டும்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியெலெனி உலக மன்றத்தின் மூன்றாவது மாநாடு கண்டியில் நடைபெற்றது. 2007ஆம் ஆண்டு ஆபிரிக்க நாடான மாலியில் கூடிய மாநாடு, தமக்கு வேண்டிய உணவு எது, அதனை எவ்வாறு விளைவிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கே உரியது எனப் பிரகடனம் செய்திருந்தது. 'உணவு இறைமை' எனப்படும் இக்கோட்பாடு குறித்துப் பல நாடுகளின் சிறு விவசாயிகளும் மீனவர்களும் கண்டியில் கலந்துரையாடினர். அவர்கள் கூடிய நகருக்கு அப்பால், ஹற்றன், நுவரெலியா பகுதிகளில் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் இவ்வுரிமை எந்நிலையில் உள்ளது என்பதை நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என நாட்டு மக்கள் உண்ணும் மரக்கறிகளில் கணிசமான பங்கு நுவரெலியா மாவட்டத்தில் விளைகின்றது. தோட்டத் தொழிலாளரும் லயங்களைச் சூழவுள்ள சிறு துண்டுகளில், வேலை முடிந்து திரும்பிய பின் மரக்கறி பயிரிடுகின்றனர். ஆனால் அத்துண்டுகளுக்கு அவர்களிடம் உறுதி கிடையாது. நிலம் அரசுக்குச் சொந்தமானது. தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக மாற்றப்பட்டது. இக்கொடுக்கல் வாங்கலில் தொழிலாளி ஒரு தரப்பாகக் கருதப்படவே இல்லை.

இதன் விளைவைப் புள்ளிவிபரங்கள் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். பெருந்தோட்டத்துறையில் 32 வீதம். 2019இல் வறியோர் தொகை நாட்டில் 14.3 வீதமாகவும் தோட்டங்களில் 33.8 வீதமாகவும் இருந்தது. இவை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்குகள் என்பது கவனிக்கத்தக்கது.

தோட்ட மக்களின் பசி அவர்களது நிலமின்மையிலிருந்து பிறந்தது. 1973-74 காலப்பகுதியில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வயலோ தோட்டமோ இல்லாதவனுக்குப் பங்கீட்டு அரிசியைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. அதே காலத்தில், 1972இலும் 1975இலும் கொண்டுவரப்பட்ட காணிச் சீர்திருத்தங்களாலும் அவனுக்குக் காணி கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்தவர்கள் நிலப் பங்கீட்டிலும் புறந்தள்ளப்பட்டனர். மாறாக, நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 7000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க எடுக்கப்பட்ட முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார்.

நஞ்சற்ற விவசாயம் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். நல்லதே. ஆயினும் அதனை உத்தரவால் கொண்டுவர இயலாது என்பதை 2021ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. தேயிலையும் மரக்கறியும் நெல்லும் பாதிக்கப்பட்டன. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. சேதனப் பசளையால் மண் வளம் பெற ஆண்டுகள் பல செல்லும். கல்லணை கட்டிச் சரிவைக் காப்பதற்கும் அவ்வாறே. நாளை எழும்பு என்றால் எழும்ப வேண்டிய நிலத்தில் எவர்தான் பத்தாண்டு உழைப்பைப் புதைப்பார்? நில உரிமையின்றி நெறிசார்ந்த விவசாயம் வேரூன்றாது என்பதே எமது நிலைப்பாடாகும்.

2015ஆம் ஆண்டின் பின்னர் தனி வீடுகளுக்கென ஏழு பேர்ச்சஸ் காணி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. லயத்திலிருந்து விடுதலை என்ற வகையில் அது வரவேற்கப்பட வேண்டியதே. எனினும் ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் கொண்டது. ஏழு பேர்ச்சஸில் வீடு கட்டிய பின் எஞ்சுவது முற்றமேயன்றி விளைநிலமன்று. கம்பனிகள் முன்வைக்கும் வெளியார் உற்பத்தி முறையிலும் தேயிலைச் செடிகளைப் பராமரிக்கும் பொறுப்பு குடும்பத்தின் மீது சுமத்தப்படுகின்றதேயொழிய, நில உரித்து மாறுவதில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற உரிமைகளும் அதில் கேள்விக்குறியாகின்றன.

காணியைப் பகிர்ந்தால் தேயிலைத் தொழில் அழிந்துவிடும் என்ற வாதம் எழலாம். ஆனால் இலங்கைத் தேயிலையில் 70 வீதத்திற்கும் மேற்பட்டதை இன்று விளைவிப்போர் சிற்றுடைமையாளரே. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஒரு குடும்பத்தால் இயலும் காரியம், தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்த மலையகக் குடும்பத்தால் மட்டும் இயலாது போகுமா?

கைவிடப்பட்டும் பயிரின்றியும் கிடக்கும் தோட்டக் காணிகளை அரசாங்கம் அளந்து, பயிர்ச்செய்கைக்கென உறுதியுடன் வழங்க வேண்டும். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்களாதலால், உறுதியில் அவர்களது பெயரும் இடம்பெறுவது அவசியம். விதை, நீர், சந்தை ஆகியவற்றிற்குக் கூட்டுறவு அமைப்புகள் துணை நிற்க வேண்டும். காடழித்துக் காணி கொடுப்பதும், வழுக்கும் சரிவுகளை மக்கள் தலையில் கட்டுவதும் கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகள் தந்த பாடம் அது.

மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களின் கோரிக்கைகளில் காணியும் ஒன்றாகும். சம்பள உயர்வு பற்றிப் பேசும் ஒவ்வொரு தரப்பும், அச்சம்பளத்தில் வாங்கும் உணவின் ஒரு பங்கையேனும் அம்மக்கள் தம் மண்ணில் விளைவிக்க வழி செய்வது பற்றியும் இனிப் பேசியாக வேண்டும்.