நடிப்புக்கு உரைகல் எது?

திரைப்படப் பரிசில்களைப் பற்றித் தமிழுணர்வாளர் கவலைப்பட வேண்டுமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே எம் விடை. ஏட்டைத் திறவாத தமிழனும் திரையரங்கினுள் நுழைகின்றான். அவன் செவியில் விழும் தமிழுள் பெரும்பகுதி நடிகர் வாயினின்றே விழுகின்றது. ஆகலின், எவர் நடிப்பு உயர்ந்தது என்று நாட்டுக்கு அறிவிக்கும் உரிமையை எவர் கையில் விட்டிருக்கின்றோம் என்பது மொழியைப் பற்றிய வினாவே ஆகும்.

இவ்வினாவைத் திருத்தங்கலில் நின்று கேட்பது மிகவும் பொருத்தம். நடிகர் முகங்களைச் சுவரொட்டியாகவும் நாட்காட்டியாகவும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியவை சிவகாசி வட்டார அச்சகங்கள். படம் வெளியாகும் நாளில் அரங்க வாயிலில் முழங்கும் சரவெடியைத் திரிப்பவை இங்குள்ள ஏழையர் கைகள். அண்டையிலுள்ள விருதுநகரோ விருதைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கின்றது. தான் வென்ற விருதுகளைக் காட்டி அறைகூவி வந்த மறவன் ஒருவனை உள்ளூரான் ஒருவன் வீழ்த்தி அவ்விருதுகளைக் கைக்கொண்டமையால் அவ்வூர்ப் பெயர் வந்ததென்று மக்கள் கதை கூறுவர். (இக்காலத்தில் விருது பெற இவ்வளவு துன்பம் தேவையில்லை, வேண்டியவர் இருந்தாற் போதும்.)

2021-இல் சிவகாசி மாநகராட்சியுள் அடங்கிவிட்ட இத்திருத்தங்கலே கழகக் காலத்துத் தங்கால். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் புலவர் இவ்வூரினர். சிலப்பதிகாரக் கட்டுரைகாதையிலும் இவ்வூர்க்கு இடமுண்டு. சேரனிடம் பரிசில் பெற்று மீளும் பராசரன் இங்கே தங்குகின்றான். தன்னோடு மறையோதிய சிறுவருள், மழலை மாறா வாயினனாயினும் பிழையின்றி ஓதிய ஒருவனுக்குத் தன் அணிகலன்களைக் கொடுத்துச் செல்கின்றான். அதைக் கண்டு பொறாதவர் சிறுவனின் தந்தை வார்த்திகனைக் கள்வனென்று சிறையிலிட, கொற்றவை கோயிற் கதவு அடைத்துக்கொள்கின்றது. பாண்டியன் பிழையுணர்ந்து பணிந்து, தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்குகின்றான். ஓதப்பட்டது ஆரியமறை என்பதில் நமக்கு உவப்பில்லை, அது கிடக்க. அங்கே பரிசில் கொடுத்தவன் தானே காதாற் கேட்டான். கேட்டது எத்தகையது என்று அறியும் புலமையும் அவனுக்கிருந்தது. இவ்விரண்டும் இன்றித் தமிழ் நடிப்பை எடைபோடுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

இந்திய அரசு நடிகர்க்கெனப் பரிசில் வழங்கத் தொடங்கியது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். எனவே 1959-இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மனைத் தில்லி மதிக்கவில்லை என்று குறைகூறுவது பொருந்தாது. அப்படத்திற்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாசி கணேசனார் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சரி, 1967-க்குப் பிறகு? 1968-இல் தில்லானா மோகனாம்பாள் வந்தது. 1970-இல் வியட்நாம் வீடு வந்தது. 1971-ஆம் ஆண்டுப் பரிசில், ரிக்சாக்காரன் படத்திற்காக ம.கோ. இராமச்சந்திரனார்க்குச் சென்றது. தமிழ்நடிகர் ஒருவர்க்கு அப்பரிசில் கிடைத்தது அதுவே முதன்முறை. மக்கள் உள்ளத்தில் அவர் பெற்ற இடம் பெரிது. ஆயினும் செல்வாக்கு வேறு, நடிப்பு வேறு. அதே ஆண்டில் 'பாபு' படத்தில் கணேசனாரும் வண்டியிழுக்கும் ஏழையாகவே நடித்தார். இரண்டையும் பார்த்தவர் தாமே ஒப்பிட்டுக்கொள்க.

1985-இல் வெளிவந்த முதல் மரியாதைக்குச் சிறந்த தமிழ்ப்படப் பரிசிலும், அதன் பாடல்களுக்கு வைரமுத்துவுக்குப் பரிசிலும் தந்த தில்லி, அப்படத்தைத் தோளிற் சுமந்த நடிகரை மட்டும் காணாது விட்டது. சிறந்த நடிகர்க்குரிய அப்பரிசில் இறுதிவரை அவர் கைக்கு வரவேயில்லை. 1995-இல் பிரெஞ்சு அரசு செவாலியே பட்டம் தந்தபின், 1996-ஆம் ஆண்டுக்குரிய பால்கே விருதைக் கொண்டுவந்து நீட்டினர்.

கெய்ரோ நடுவர் மட்டும் தமிழ் படித்தவரோ என்று எவரேனும் மடக்கலாம். அவர்கள் முன்முடிபின்றி அமர்ந்து உடலையும் குரலையும் நோக்கினர். இங்கே நம்மவர் நடிப்பை அளக்க முன்பே ஒரு கோல் வைத்திருந்தனர்: அடக்கி நடிப்பதே நடிப்பு, ஓங்கி நடிப்பது நாடகத்தனம். அக்கோலை நாம் இழிக்கவில்லை. ஆயின், விடியவிடியத் தெருக்கூத்துக் கண்டு வளர்ந்த மக்களின் கலைக்கு அஃதொன்றே கோலாகாது. உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று பெயரிட்டுத் தனி இயலே வகுத்தாரே, அவ்வியலின் பெயரையாவது அறிந்த நடுவர் எத்துணைப் பேர்?

ஓங்கிய நடிப்புக்காக மட்டும் நாம் வழக்காடவில்லை. 2006-இல் வசந்தபாலன் எடுத்த 'வெயில்' இவ்வட்டாரத்துப் படம். தந்தை கொடுத்த தண்டனையால் வீட்டைவிட்டோடி, தோற்றவனாய்த் திரும்பி வரும் முருகேசனாகப் பசுபதி நடித்தார். உரத்த பேச்சில்லை, குனிந்த தோளும் ஒதுங்கி நிற்கும் காலுமே பேசின. அவர் கூத்துப்பட்டறையிற் பயின்றவர் என்பது கருதத்தக்கது. படத்திற்குச் சிறந்த தமிழ்ப்படம் என்னும் பரிசில் வந்தது, நடிகர்க்கு வரவில்லை. அவ்வாண்டு பெற்ற வங்காளத்துச் சௌமித்திர சட்டர்சி மாபெரும் நடிகரே. அவர்பால் நமக்குக் காழ்ப்பில்லை. ஆனால் 1981-இல் கரிசல் மண்ணின் நீர்வறட்சியைக் காட்டிய 'தண்ணீர் தண்ணீர்' படத்திலும் இதுவே நடந்தது. படத்திற்குப் பரிசில், சரிதாவுக்கு இல்லை. மண்ணுக்குப் பாராட்டு, அம்மண்ணாகவே நின்றவர்க்கு ஒன்றுமில்லை! 'பசி' படத்தின் சோபாவுக்கும் 'வீடு' படத்தின் அருச்சனாவுக்கும் கிடைத்தமை முறையே என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

தில்லியைச் சாடிவிட்டு வீட்டுக்குள் இருக்கும் அழுக்கை மறைக்க மாட்டோம். 2009 முதல் 2014 வரை ஆறாண்டுகளுக்குரிய தமிழ்நாட்டரசுத் திரைப்பட விருதுகள் 2017-இல் ஒரே மூட்டையாக அறிவிக்கப்பட்டு, 2022-இல்தான் உரியவர் கைசேர்ந்தன. 2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்கு வரிவிலக்கு வந்தது. பெயர் தமிழாயிற்று, உள்ளே பேச்சு கலவைச் சேறாகவே நின்றது. பெயருக்குக் கூலி கொடுத்தோம், நாவுக்குக் கொடுத்தோமில்லை.

ஆதலின் எம் வேண்டுகோள் இது: தமிழ் நடிப்புக்கெனத் தமிழர் தாமே ஒரு பரிசில் நிறுவுக. தங்கால் பொற்கொல்லன் பெயரால் அதனை வெண்ணாகனார் உரைகல் என்றழைக்கலாம். நடுவருள் கூத்தர் ஒருவரும், தமிழாசிரியர் ஒருவரும், வெடித்தொழிலாளி ஒருவரும் கட்டாயம் இருத்தல் வேண்டும். இரவற் குரலில் வாயசைத்தவர்க்குப் பரிசில் இல்லை. ஆண்டு தவறலாகாது, படமுதலாளியின் பணம் ஒரு காசும் கலத்தலாகாது. முதற்பரிசில்கள் காலங்கடந்தனவாக இருப்பினும் குற்றமில்லை. 1954-இன் இரத்தக்கண்ணீருக்காக எம்.ஆர். இராதா, முதல் மரியாதைக்காகக் கணேசனார், தண்ணீர் தண்ணீருக்காகச் சரிதா, வெயிலுக்காகப் பசுபதி என நால்வரை நாம் முன்மொழிகின்றோம். மறுப்போர் தம் பெயர்ப்பட்டியலோடு வருக.