மிச்ச நாற்று

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு முடிந்த பிறகும் வயல் மூலையில் ரெண்டு முடி நாற்றை வைத்திருப்பார்கள். 'எதுக்குங்க?' என்றால், 'பட்டுப்போன எடத்துல செருகத்தான் தம்பி!' என்று பதில் வரும்.

2021 ஜனவரியில் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தானிடமிருந்து ராபின் உத்தப்பாவை வாங்கியது இந்தக் கணக்கில்தான். வயசு 35. 'முத்தின நாத்து தூர் கட்டுமா?' என்றார்கள். சீஸன் முக்கால்வாசியும் பெஞ்சுதான். அக்டோபரில் ரெய்னா இடத்தில் செருகினார்கள். டெல்லிக்கு எதிரான குவாலிஃபயரில் 44 பந்தில் 63. கொல்கத்தாவுடன் ஃபைனலில் 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு!

ஆபீஸில் லீவ் வேகன்ஸியில் உட்கார்ந்திருக்கும் தம்பி, ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்... மிச்ச நாற்றுக்கும் வேர் ஈரமாக இருக்கணும். காய்ந்துவிட்டால் மாட்டுக்குத்தான்!