ஒரு கீறலுக்கு ஒரு டேங்க்கா?

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் எதிர் வீட்டுப் பையன் சைக்கிளைத் திருப்பும்போது ஹேண்டில்பார் முனையை என் பைக்கின் டேங்க்கில் உரசிவிட்டான். இரண்டு இடத்தில் பெயிண்ட் போய்விட்டது. ஒன்று கடுகளவு, இன்னொன்று அரிசி அளவு. பையன் "சாரி தாத்தா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். "ஒண்ணும் ஆகலைடா, போய் விளையாடு" என்று அனுப்பி வைத்தேன்.

அவனோடு விஷயம் முடிந்தது. பெரியவர்களோடுதான் முடியவில்லை.

என் வண்டி 1989-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா சிடி 100. சிவப்பு. என் மகள் பிறந்த வருடம் வாங்கியது. எல்.கே.ஜி. போகிற காலத்தில் அவள் டேங்க் மேல்தான் உட்கார்ந்து வருவாள். ஸ்கூல் பெல்ட்டின் பித்தளை பக்கிள் உரசி உரசி டேங்க்கின் பின்பக்கம் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன. அன்றைக்கு அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவள் இருப்பது வேறு ஊரில். வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கோடுகளில் கை பட்டால்தான் எனக்குத் திருப்தி. என் சம்சாரம் இருந்தவரை "அந்த வண்டியை விட்டுத் தொலைங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்காருவாள். அவள் போன பிறகும் வண்டியை விடவில்லை.

கீறலைச் சரி செய்யலாம் என்று ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஏசி ரூம், காபி எல்லாம் உண்டு. ஒரு இளைஞர் டேங்க்கைத் தடவிப் பார்த்தார்.

"டச்சப் எல்லாம் நாங்க பண்றதில்லீங்க சார். டேங்க் ஃபுல்லா பெயிண்ட் பண்ணிடலாம். ஸ்டிக்கரும் புதுசா ஒட்டிடலாம். ஆனா டேங்க் மட்டும் புதுசா இருந்தா சைடு கவர் டல்லாத் தெரியும். அதையும் சேர்த்துப் பண்ணிக்கங்க."

எஸ்டிமேட் 4,500 ரூபாய். ஒரு அரிசிக்கும் ஒரு கடுகுக்கும்!

சரி என்று ரோட்டோரத்தில் இருக்கிற ஒரு டிங்க்கரிங் பெயிண்டிங் கடைக்குப் போனேன். அங்கே ஏசி இல்லை, காபி இல்லை. பதில் மட்டும் அதேதான். "ஏம்ப்பா, அரிசி அளவு இடம்தானே?" என்றேன். "மேட்ச் ஆகாதுங்க சார்" என்றார்.

இந்த "மேட்ச் ஆகாது" என்ற வார்த்தைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஏனென்றால் 34 வருடம் எனக்குச் சோறு போட்டதே மேட்ச்தான். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஐரோப்பாவிலிருந்து பையர் தபால்தலை அளவுக்கு ஒரு துணித்துண்டு அனுப்புவான். அதே ஷேடில் டன் கணக்கில் துணி போகவேண்டும். "மேட்ச் ஆகாது சார், நீங்க வேற கலர் எடுத்துக்கங்க" என்று நான் ஒருநாள் சொல்லியிருந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருப்பேன்.

நண்பர்களே, மேட்ச் ஆகும். ஆகாது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் முயற்சி செய்யாதவர்கள். மீதிப்பேர் முயற்சி செய்தால் தங்களுக்கு லாபம் இல்லாதவர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். டேங்க் முழுக்க அடித்தால் மட்டும் மேட்ச் ஆகிவிடுமா? எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வண்டியின் இடது சைடு கவரில் ஒரு கீறல். இதே கதை சொன்னார்கள். நானும் நம்பி, புதுக் கவரே மாட்டிக்கொண்டு வந்தேன். பழையதைக் கேட்டால் "குப்பைல போட்டுட்டோம் சார்" என்றார்கள். அந்தப் புதுக் கவர் இன்றைக்கும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போலத்தான் தெரிகிறது. காரணம் எளிது. சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கிற நிறம். முப்பது வருடம் வெயில் தின்ற சிவப்புக்குப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த சிவப்பை வைத்தால் எப்படி ஒட்டும்? ஆக, ஒன்றை மாற்றினால் அடுத்ததையும் மாற்றவேண்டும். அந்தப் பட்டியலுக்கு முடிவு கிடையாது. சின்னப் புள்ளி சரியாக அமையாவிட்டாலும் புள்ளி அளவுதான் தப்பு. பெரிய வேலை சரியாக அமையாவிட்டால் வண்டி அளவுக்குத் தப்பு.

இனி மேட்ச் செய்வது எப்படி என்று சொல்கிறேன். சாயப்பட்டறையில் படித்தது பாதி, இந்த வண்டியில் படித்தது பாதி.

முதலில் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையென்றால் அநேகமாகப் பெயிண்டே வேண்டாம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். பல சமயம் நாம் கீறல் என்று நினைப்பது எதிரில் இடித்தவனின் பெயிண்ட் நம் வண்டியில் ஒட்டிக்கொண்டதுதான்.

தேய்க்கும்போது துணியைப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. ஏறவில்லையென்றால் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் இருக்கிறது. என் வண்டியில் துணி சிவந்தது. அதோடு இன்னொரு விஷயமும் தெரிந்தது. மேலே வெளுத்துப் போன படலம் நீங்கியதும் உள்ளேயிருந்து நல்ல சிவப்பு எட்டிப் பார்த்தது. மேட்ச் செய்யவேண்டியது அந்தச் சிவப்புக்கு. மேலே படிந்த வெளுப்புக்கு அல்ல. இதைச் செய்யாமல் "மேட்ச் ஆகலை" என்று சொல்பவர்களே அதிகம்.

அடுத்தது கலர் கோடு. ஒவ்வொரு கம்பெனி நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. பெயிண்ட் மிக்ஸிங் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தெந்தச் சாயம் எத்தனை கிராம் என்று வரும். அது புது வண்டிக்கான ஃபார்முலா. நம் பழைய வண்டிக்குச் சொட்டுச் சொட்டாகத் திருத்தவேண்டும். அதனால் கடைக்கு வண்டியோடு போங்கள். செல்போன் போட்டோவைக் காட்டாதீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் அண்ணன் தம்பியாகக்கூடத் தெரியாது. எங்கள் லேபில் இதற்காகவே ஒரு பெட்டி இருக்கும். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், குண்டு பல்பு வெளிச்சம் மூன்றிலும் பார்த்துத்தான் பாஸ் செய்வோம். உங்களுக்குப் பெட்டி வேண்டாம். வெளியே நிழலில் நின்று பகலில் பாருங்கள். ஒரு அட்டையில் தடவி, காய்ந்த பிறகு டேங்க்கில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்த ஷேடு ஷேடே இல்லை.

பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, துரு இருந்தால் எடுத்து, இரும்பு தெரிகிற இடத்தில் துளி பிரைமர். பெயிண்டைப் பிரஷ்ஷால் இழுக்காதீர்கள். பல் குச்சி முனையால் கீறலுக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிசாக மூன்று நான்கு தடவை, காயவிட்டுக் காயவிட்டு. ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மேட்டை மட்டும் தட்டையாக்கி, காம்பவுண்ட் போட்டால் முடிந்தது.

பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் கீறல் என்றால் ஒரு எச்சரிக்கை. சாதாரண என்.சி. பெயிண்ட்டில் பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும். அங்கே ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட் தேவை. ஹார்ட்னரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. அந்த வேலையை முகமூடி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். நம் வயதுக்கு வீரம் வேண்டாம்.

பெயிண்டர்கள் பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லவேண்டும். மெட்டாலிக், பேர்ல் நிறங்களில் உள்ளே அலுமினியத் துகளோ மைக்காத் துகளோ கலந்திருக்கும். குச்சியால் வைத்தால் அவை ஸ்ப்ரே செய்தது போலப் படியாது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் சரியாகவும் மறுபக்கமிருந்து பார்த்தால் கறுப்பாகவும் தெரியும். அந்த மட்டில் "மேட்ச் ஆகாது" என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் துருப் பிடிக்காமல் தடுக்க ஒரு சொட்டு போதும். அதற்காக டேங்க் முழுக்கச் சுரண்டிப் பட்டி பார்க்க வேண்டியதில்லை. தவிர, பெயிண்டருக்குக் கூலி பேனல் கணக்கில்தான். அரை நாள் உட்கார்ந்து அரிசி அளவு வேலை செய்தால் யார் அவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறோம்? "ஒரு சொட்டுக்கு ஐந்நூறா?" என்று நாமே சண்டை போடுவோம். நாலாயிரம் கேட்டால் கொடுத்துவிட்டு வருவோம். அந்தத் தப்பு நம்முடையது.

"இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார், உங்களுக்குச் செலவே இல்லை" என்று புது வண்டிக்காரர்களிடம் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால் 50 சதவீதம் வரை போகும். ஒரு கீறலுக்குக் கை நீட்டினால் அந்தச் சலுகை போச்சு. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பதும் உண்டு.

கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்கிற ஒவ்வொரு வண்டியிலும் கலர் கோடைச் சீட்டுக்கு அடியில் ஒட்டி, கையேட்டிலும் அச்சடியுங்கள். என் ஆர்.சி. புத்தகத்தில் நிறம் 'ரெட்' என்று மட்டும் இருக்கிறது. உலகத்தில் எத்தனை சிவப்பு இருக்கிறது என்று ஒரு டையிங் மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்! அடுத்தது, நெயில் பாலிஷ் அளவில் பத்து மில்லி பாட்டில் ஒன்றை வண்டியோடு கொடுங்கள், இல்லை விலைக்கு வையுங்கள். மூன்றாவது, ஒர்க்ஷாப் விலைப்பலகையில் 'டச்சப்' என்று ஒரு வரி, அதற்கு நியாயமான கூலி. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. எஞ்சினுக்கு மட்டும்தான் அந்த உரிமையா? ஒரு சொட்டுப் பெயிண்டுக்கு இல்லையா?

என் வண்டிக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மிக்ஸிங் கடையில் குறைந்தபட்சம் 100 மில்லிதான் கலப்போம் என்றார்கள். 280 ரூபாய். மூன்று அட்டை தடவிப் பார்த்து, இரண்டு முறை திருத்தச் சொன்னேன். கடைக்காரர் "சார் நீங்க பெயிண்டருங்களா?" என்றார். மற்றதெல்லாம் வீட்டில். மகளின் பக்கிள் கோடுகள் மேல் காம்பவுண்ட் படாமல் அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டேன்.

நூற்றுக்கு நூறு மேட்ச் என்று பொய் சொல்லமாட்டேன். எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே விரலை வைத்துவிட்டான். அவனுக்கு இடம் தெரியும். அவன் அப்பா ஐந்து நிமிடம் தேடிவிட்டு "எங்கீங்க சார்?" என்றார். எங்கள் ஆலையில் இதற்குப் பெயர் பாஸ்.

மீதி 90 மில்லிக்கு மேல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. உங்களில் யாராவது சிவப்பு சிடி 100 வைத்திருந்தால் ஒரு சின்ன பாட்டிலோடு வீட்டுக்கு வாங்க. காபியும் உண்டு.