கூரையைக் கண்டவன் குடியைக் கண்டானா?

வானிலிருந்து பார்ப்பவனுக்கு வீடு என்பது கூரை மட்டுமே. அதன்கீழ் வாழும் மனிதர் அவன் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் அந்தப் பார்வையே இன்று தீர்ப்பாகி வருகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பெனிகள் விமானமும் ட்ரோனும் செய்மதியும் எடுத்த படங்களைக் கொண்டு, கூரையில் பாசி படர்ந்துள்ளது, மரக்கிளை தாழ்ந்துள்ளது என்று காரணங்காட்டிப் பலருடைய வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுத்துள்ளன. படம் பழையது, கூரை திருத்தப்பட்டுவிட்டது என்று நிரூபிக்கும் சுமையும் வீட்டுக்காரன் தலையிலேயே விழுகிறது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். தூரத்திலிருந்து வீடுகளுக்குத் தீர்ப்பெழுதுவதன் கொடுமையைத் திருகோணமலைக் கரை முன்னரே அறியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், கடலோரத்தில் வீடு கட்ட அரசாங்கம் தடை விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்! நிலத்தின் மேடு பள்ளத்தையோ, வள்ளத்தருகே குடியிருக்கவேண்டிய கடற்றொழிலாளியின் தேவையையோ அந்தக் கோடு கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது தளர்ந்தது.

இங்கே வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் வங்கிக் கடனோடு ஒட்டியே வருகிறது. காப்புறுதி மறுக்கப்பட்டால், கடன்பட்டு வீடு கட்டிய ஆசிரியனும் துறைமுகத் தொழிலாளியும் கடன் நிபந்தனையை மீறியவர்களாவர். உப்புக் காற்றில் தகரம் துருவேறும். மாரியில் ஓட்டிலே பாசி படரும். இவற்றைப் படம் காணும். கைமரத்தைச் சுவரோடு இறுக்கிய கம்பியை அது காணாது. 1964 டிசம்பர்ப் புயலையும் 2020 டிசம்பரில் புரெவியையும் கண்ட கரையிலே, கூரையைக் காப்பது அந்தக் கம்பியல்லவா?

அபாயத்தை அளப்பது காப்புறுதியின் தொழில்தானே என்று வாதிடுவோர் உளர். அளக்கட்டும்! ஆனால் ஒருவனின் இழப்பைப் பலர் சேர்ந்து தாங்குவதே காப்புறுதி. நலிந்தவனைத் தேடித்தேடி விலக்குவது வெறும் இலாப வேட்டை.

தானியங்கு முறையில் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவைத்துள்ளது. வான்படத்துக்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தெளிவான விதி வகுக்கவேண்டும். படமும் அதன் திகதியும் வீட்டுக்காரனுக்குக் காட்டப்படவேண்டும். திருத்த அவகாசம் தரப்படவேண்டும். ஒரு மனிதன் படியேறி வந்து பாராமல் எவருடைய காப்புறுதியும் மறுக்கப்படலாகாது.

வெள்ளம் வந்தபின் அணை கட்டிப் பயனில்லை. இவ்வழக்கம் இங்கு வேரூன்றுமுன், ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இக்கோரிக்கையை உரக்க எழுப்பட்டும். வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல விரும்புபவன் முதலில் அதன் வாசலுக்கு வரட்டும்!