பெயிண்ட் அடித்தால் ஒழுக்கு நிற்குமா?

குளியல் அறையை ஒட்டிய சுவர். அதில் ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிகிறது. யாரும் கவனிப்பது இல்லை. இரண்டு மாதத்தில் அது முறம் அகலத்துக்கு வளர்ந்து விடுகிறது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. தொட்டால் வெள்ளை மாவு போல உப்பு உதிர்கிறது.

“என்னங்க! பொங்கலுக்கு அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. இந்தச் சுவரை ஏதாவது செய்யக் கூடாதா?” என்கிறாள் மனைவி.

கணவர் என்ன செய்கிறார்? நேராகப் பெயிண்ட் கடைக்குப் போகிறார்!

அங்கேதான் பணம் வீணாகிறது. சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். பொங்கலுக்குச் சுவர் பளபளக்கிறது. சித்திரை பிறப்பதற்குள் அதே இடத்தில் அதே கொப்புளம்! ஈரம் எங்கும் போகவில்லை. பெயிண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இருக்கிறது.

கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் வேறு விதமாக ஏமாறுகிறார்கள். தரை முழுவதையும் பெயர்த்து, புது டைல் பதிக்கிறார்கள். பிறகு பார்த்தால், ஒழுகியது சுவருக்குள் இருந்த ஒரு குழாய் இணைப்பு!

எனவே, ஒழுக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் செலவு இல்லை. ஒரு பழைய துணியும் இரண்டு நாள் பொறுமையும் போதும்.

குழாயா? தரையா?

இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது, வீட்டில் உள்ள குழாய்களை எல்லாம் மூடிவிட வேண்டும். மோட்டார் போடக் கூடாது. மாடித் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு, தண்ணீரை அளந்து கொள்ள வேண்டும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்பு மறுபடியும் அளக்க வேண்டும். தண்ணீர் குறைந்து இருந்தால், எங்கோ ஒரு குழாய் கசிகிறது. (கழிப்பறை பிளஷ் தொட்டி ஒழுகினாலும் குறையும். அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.) இரவும் பகலும் ஒரே மாதிரி ஓதம் காக்கும் சுவருக்குப் பெரும்பாலும் குழாய்தான் காரணம்.

தண்ணீர் குறையவில்லையா? அப்படியானால் தரையைச் சோதிக்க வேண்டும். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீர் வெளியே போகும் துவாரத்தை இறுக அடைக்க வேண்டும். வாசற்படியைத் தாண்டாதபடி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முழு நாள் விட வேண்டும். ஈரம் கூடினால் ஒழுக்கு தரையில் இருக்கிறது. கூடாமல் இருந்து, அடைப்பை எடுத்த பிறகு கூடினால், துவாரத்தைச் சுற்றியோ, கழிவுக் குழாயிலோ இருக்கிறது. இரண்டும் இல்லை என்றால், சுவர் டைல்களின் இடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் இந்த இடுக்குகள்தான் குற்றவாளி! அதற்காக டைலை உடைக்க வேண்டியது இல்லை. பழைய ரம்பத் தகட்டால் இடுக்கைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாக அடைத்தால் போதும். வெள்ளை சிமெண்டு விலை மலிவு. ஆனால் காய்ந்ததும் வெடிக்கும். எபாக்சி என்னும் பசைக்கலவை விலை கூடுதல். ஆனாலும் தண்ணீரை உள்ளே விடாது. மிச்சம் பிடிக்கிற இடம் இது அல்ல. தரையில் தண்ணீர் தேங்கி நின்றால், வாட்டம் சரி இல்லை என்று அர்த்தம். அதற்கு மட்டும் கொத்தனார் வேண்டும்.

மேல் வீடும் கீழ் வீடும்

அடுக்குமாடி வீடுகளில் இது பெரிய சண்டை. “உங்க பாத்ரூம்தான் ஒழுகுது, சார்!” என்கிறார் கீழ் வீட்டுக்காரர். “எங்க தரை காஞ்சு கிடக்கே! வந்து பாருங்க” என்கிறார் மேல் வீட்டுக்காரர். இருவரும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, வேறோர் இடத்தில் சொட்டும். மேலே தரை காய்ந்தே தெரியும். மாதக் கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதைவிட, இருவரும் சேர்ந்து நின்று அந்த ஒரு நாள் சோதனையைச் செய்யலாம். ஒழுக்கு மேல் வீட்டுத் தரையில் என்று தெரிந்தால், செலவை மேல் வீட்டுக்காரர் ஏற்பதே நியாயம். கீழ் வீட்டுக் குழந்தை அந்தக் கூரையின் அடியில்தானே தூங்குகிறது!

கூரைப் பூச்சு பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் காங்கிரீட்டை வெடிக்க வைத்துத் தள்ளும். உடனே என்ஜினீயரிடம் காட்ட வேண்டும். ஈரச் சுவரில் சுவிட்சு இருந்தால் அதைத் தொடாமல், மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

ஒழுக்கை அடைத்த மறுநாளே பூசி விடவும் கூடாது. உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால், அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். சுவர் உலர வாரக் கணக்கில் ஆகும். பொங்கலுக்குள் காயவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டி வையுங்கள். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார்.